கிளிநொச்சியிலிருந்து ரொறன்ரோ எவ்வளவு தூரம், எத்தனை மணித்தியாலம்? படிப்படியாகக் கணக்கிட ஒரு முழுமையான வழிகாட்டி

"கனடாவுக்கு எத்தினை மணித்தியாலப் பயணம்?" என்று வன்னியில் நாலு பேரிடம் கேட்டால் நாலு விடை வரும். ரிக்கற்றைப் பார்த்தவர் "விடிய நாலு மணிக்கு ஏற்றம், பின்னேரம் மூன்றரைக்கு இறக்கம். பதினொன்றரை மணித்தியாலம்" என்பார். போய் வந்தவர் "பதினாலு மணித்தியாலம் ஒரே இருப்பு" என்பார். ஏஜென்சியில் 21 என்று சொல்லி அனுப்புவார்கள். கட்டுநாயக்காவில் கொண்டுபோய் விட்ட வான்காரரைக் கேட்டால் ஒன்றரை நாள். நாலு பேரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். ஒவ்வொருவரும் பயணத்தின் ஒவ்வொரு துண்டை அளந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

மகளின் பிள்ளைப்பேற்றுக்குப் போகும் ஒரு தாய்க்கு இந்தத் துண்டுக் கணக்குகள் போதாது. எப்போது வீட்டால் வெளிக்கிடுவது, எந்த நேரத்துக்கு மருந்து போடுவது, அங்கே எந்தக் கிழமை கூப்பிட வரச் சொல்வது என்பதெல்லாம் முழுக் கணக்கும் கையில் இருந்தால்தான் பிழைக்காமல் நடக்கும். கிளிநொச்சி – ரொறன்ரோவை உதாரணமாக எடுத்துக் கீழே கணக்கைப் போட்டிருக்கிறேன். லண்டன், பாரிஸ், மெல்பேர்ண் போகிறவர்களும் இதே முறையில் தங்கள் இலக்கங்களைப் போட்டுக்கொள்ளலாம்.

முதல் படி: வான்தூரத்தை அளப்பது

கட்டுநாயக்கா விமான நிலையம் வடக்கு 7.2 பாகை, கிழக்கு 79.9 பாகையில் இருக்கிறது. ரொறன்ரோவின் பியர்சன் விமான நிலையம் வடக்கு 43.7 பாகை, மேற்கு 79.6 பாகை. கிறீன்விச் கோட்டிலிருந்து நாங்கள் கிழக்கே எவ்வளவு தள்ளியிருக்கிறோமோ, ஏறக்குறைய அதேயளவு மேற்கே அவர்கள் தள்ளியிருக்கிறார்கள். இரண்டுக்கும் இடையிலான மிகக் குறுகிய வான்தூரம் ஏறத்தாழ 14,000 கிலோமீற்றர். லண்டனுக்கு 8,700, பாரிஸுக்கு 8,500, மெல்பேர்ணுக்கு 8,350 கிலோமீற்றர் அளவில் வரும்.

இந்தத் தூரத்தைச் சுவரில் தொங்கும் உலகப்படத்தில் அடிமட்டம் வைத்து எடுக்க முடியாது. உருண்டையை விரித்துத் தட்டையாக்கிய படத்தில் வடக்கும் தெற்கும் இழுபட்டு, நேர்கோடு எது என்பதே மாறிவிடும். பள்ளிக்கூடத்தில் பூமியுருண்டை இருந்தால் ஒரு தையல் நூலை எடுங்கள். ஒரு நுனியை இலங்கையில் அழுத்திப் பிடித்து, மறுநுனியை ரொறன்ரோவில் வைத்து இறுக்கி இழுங்கள். நூல் தானாக வழுகிப்போய் மிகக் குறுகிய பாதையில் நிற்கும். நாங்கள் எதிர்பார்க்கிறபடி அரபுக்கடல், மேற்கு ஐரோப்பா, அத்திலாந்திக்கின் நடுப்பகுதி எதையும் அது தொடாது. மகாராஷ்டிரம், பாகிஸ்தான், கசகஸ்தான், ரஷ்யா என்று வடக்கே ஏறி, நோர்வேயின் வடதலைப்பைத் தொட்டு, கிறீன்லாந்துக்கு மேலால் கனடாவுக்குள் இறங்கும். உச்சியில் வடக்கு 72 பாகை வரை போகும். பிள்ளைகளைக் கூட்டிவைத்து இதைச் செய்து காட்டுங்கள். பூமி உருண்டை என்பது அன்றைக்குத்தான் அவர்களுக்கு முழுதாக விளங்கும்.

நூலை அளந்து கிலோமீற்றர் ஆக்குவதும் சுகம். அதே நூலால் பூமத்தியரேகையை முழுச்சுற்று அளந்தால் அது 40,000 கிலோமீற்றருக்குச் சரி. கைப்பேசியில் கூகுள் எர்த் இருந்தால் அதிலுள்ள தூரம் அளக்கும் கருவியும் இதையே செய்யும். இணையத்தில் பார்க்கும் இலக்கம் எந்த அலகில் இருக்கிறது என்பதை மட்டும் கவனியுங்கள். ஒரு மைல் 1.609 கிலோமீற்றர், ஒரு கடல்மைல் 1.852 கிலோமீற்றர். 14,000 கிலோமீற்றர் என்பது 8,700 மைல். கடல்மைலில் 7,550 அளவுதான். மூன்று இலக்கங்களும் ஒரே தூரம்.

இரண்டாம் படி: உண்மையில் பறக்கப்போகும் தூரம்

கொழும்பிலிருந்து ரொறன்ரோவுக்கு நேரடி விமானம் கிடையாது. இடையில் எங்காவது மாறித்தான் ஆகவேண்டும். "சுத்திப் போனால் தூரம் கூடுமே" என்று பலர் யோசிப்பார்கள். கணக்கைப் பாருங்கள்.

டுபாய் வழி: 3,290 + 11,080 = 14,370 கிலோமீற்றர்.
லண்டன் வழி: 8,715 + 5,710 = 14,425.
இஸ்தான்புல் வழி: 6,295 + 8,170 = 14,465.
டோகா வழி: 3,610 + 10,880 = 14,490.
ஹொங்கொங் வழி: 4,010 + 12,550 = 16,560.

இவை விமான நிலையத்துக்கு விமான நிலையம் நேர்கோட்டில் கணக்கிட்டவை. மேற்கே போகும் நாலு வழிக்கும் இடையில் 120 கிலோமீற்றர்தான் வித்தியாசம். விமானத்துக்கு அது பத்து நிமிடம்கூட இல்லை. குறுகிய பாதையோடு ஒப்பிட்டாலும் கூடுதல் 500 கிலோமீற்றருக்குள்தான். கிழக்கே சுற்றினால் மட்டும் 2,500 கிலோமீற்றர் கூடும். ஆகவே மேற்கு வழிகளுக்குள் எது கிட்ட என்று மண்டையை உடைப்பதில் பயனில்லை. உங்கள் நேரத்தைத் தின்பது இடையில் காத்திருக்கும் நேரமும், வீட்டிலிருந்து விமான நிலையம் வரையான தரைவழியும்தான். ரிக்கற் தெரிவுசெய்யும்போது கண் அங்கேதான் இருக்க வேண்டும்.

விமானம் எப்போதும் நேர்கோட்டில் பறப்பதும் இல்லை. 2022 பெப்ரவரிக்குப் பிறகு ரஷ்யாவின் வான்பரப்பு கனடிய, ஐரோப்பிய நிறுவனங்களுக்கு மூடப்பட்டிருக்கிறது. 2025 ஜூன் 23 அன்று கட்டார் தன் வான்பரப்பைச் சில மணித்தியாலம் மூடியபோது வளைகுடாவில் பயணிகள் அங்கங்கே தேங்கினார்கள். பயணத்துக்கு முந்தின கிழமை வளைகுடாச் செய்திகளில் ஒரு கண் இருக்கட்டும். விமான நிறுவனத்திடம் உங்கள் கைப்பேசி இலக்கம் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஏஜென்சி தன் இலக்கத்தைக் கொடுத்திருந்தால் நேரமாற்றத் தகவல் அவர்களுக்குத்தான் போகும், உங்களுக்கு வராது.

மூன்றாம் படி: தூரத்தை நேரமாக மாற்றுவது

பெரிய ஜெட் விமானம் உயரத்தில் மணிக்கு 900 கிலோமீற்றர் அளவில் பறக்கும். ஏற, இறங்க, ஓடுபாதைக்கு உருண்டு போக நேரம் எடுக்கும் என்பதால் வீட்டுக் கணக்குக்கு இந்த விதி போதும்: தூரத்தை 850ஆல் வகுத்து அரை மணித்தியாலம் கூட்டுங்கள். டுபாய்க்கு 3,290ஐ வகுத்தால் 3.9, அரையைக் கூட்டினால் ஏறக்குறைய நாலரை. லண்டனுக்கு 10.3 உடன் அரை சேர்ந்து பதினொன்றுக்குக் கிட்ட.

இதற்கு மேல் காற்று. வடபகுதி வானத்தில் விமானங்கள் பறக்கும் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே பலமான காற்றோட்டம் ஓடுகிறது. மாரியில் அது இன்னும் பலக்கும். கனடா போகும்போது அதற்கு எதிரே, திரும்பும்போது அதோடு சேர்ந்து. அதனால்தான் டுபாயிலிருந்து ரொறன்ரோவுக்கு 14 மணித்தியாலம் எடுக்கும் பயணம் திரும்பும்போது 13க்குள் வருகிறது. நீண்ட மேற்குப் பயணமென்றால் விதியில் வரும் விடையோடு இன்னும் அரை மணித்தியாலம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: மணிக்கூட்டுக் கணக்கு

கூடுதலான குழப்பம் இங்கேதான். வன்னி ஆட்களுக்கு நேரவித்தியாசம் புதுசு இல்லை. 1996இல் அரசாங்கம் மணிக்கூட்டை முன்தள்ளியபோது இங்கே பழைய நேரமே ஓடியது. ஓமந்தையைத் தாண்டினால் மணிக்கூட்டைத் திருப்பிய காலத்தை எங்கள் வயதுக்காரர் மறந்திருக்க மாட்டார்கள். 2006 ஏப்ரலில்தான் நாடு முழுக்க மறுபடி ஒரே நேரமானது. அது அரை மணித்தியாலம். இது பத்து.

ரொறன்ரோ எங்களுக்குப் பின்னால் நிற்கிறது. கோடையில் ஒன்பதரை மணித்தியாலம், மாரியில் பத்தரை. மார்ச் மாதத்தின் இரண்டாவது ஞாயிறு அவர்கள் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்தள்ளுவார்கள். நவம்பர் முதல் ஞாயிறு திரும்பப் பின்தள்ளுவார்கள். லண்டன் கோடையில் நாலரை, மாரியில் ஐந்தரை பின்னால். பாரிஸ், சுவிஸ், நோர்வே மூன்றரையும் நாலரையும். ஐரோப்பா மாறுவது மார்ச்சின் கடைசி ஞாயிறும் ஒக்ரோபரின் கடைசி ஞாயிறும். டுபாய் வருடம் முழுக்க ஒன்றரை, டோகா இரண்டரை பின்னால், அவர்கள் மாற்றுவதில்லை. மெல்பேர்ண் மட்டும் எங்களுக்கு முன்னால், நாலரை அல்லது ஐந்தரை.

ரிக்கற்றில் எழுதியிருக்கும் ஒவ்வொரு நேரமும் அந்தந்த ஊர் நேரம். புறப்படும் நேரத்தையும் இறங்கும் நேரத்தையும் அப்படியே கழித்தால் பிழையான விடைதான் வரும். ஒரு கொப்பித்தாளில் எல்லா நேரத்தையும் இலங்கை நேரமாக மாற்றி எழுதுங்கள். அதற்குப் பிறகு கழித்தல் கணக்கு இரண்டாம் வகுப்புக் கணக்குத்தான்.

உதாரணத்துக்கு, ஒரு கோடைகாலச் செவ்வாய்க்கிழமை. கட்டுநாயக்காவில் விடிய 4.00 மணிக்குப் புறப்பட்டு, டுபாயில் அந்த ஊர் நேரம் காலை 7.15க்கு இறக்கம். இலங்கை நேரம் 8.45, பறந்தது நாலே முக்கால் மணித்தியாலம். டுபாயில் இரண்டே கால் மணித்தியாலம் நின்று 9.30க்கு ஏற்றம், இலங்கையில் அப்போது 11.00. பதினாலு மணித்தியாலம் பறந்து ரொறன்ரோ நேரம் பின்னேரம் 3.30க்கு இறக்கம். அங்கே இன்னும் செவ்வாய். இங்கே புதன் அதிகாலை 1.00 மணி. ரிக்கற்றில் 4.00, 15.30 என்று பார்த்தவருக்குப் பதினொன்றரையாகத் தெரிந்தது உண்மையில் 21 மணித்தியாலம்.

ஐந்தாம் படி: திகதியைப் பிடிப்பது

தயவுசெய்து இந்தப் பகுதியை ஒன்றுக்கு இரண்டு தடவை வாசியுங்கள். விமானம் 12ஆம் திகதி 00.40 என்று இருந்தால் நீங்கள் வீட்டால் வெளிக்கிடுவது 11ஆம் திகதி மத்தியானம். 12ஆம் திகதி இரவு போய் நின்றால் விமானம் போய் ஒரு நாள் ஆகியிருக்கும். கட்டுநாயக்காவிலிருந்து வளைகுடா போகும் விமானங்கள் பல நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில்தான் என்பதால் இந்த ஆபத்து எங்களுக்குக் கூட. ரிக்கற் வந்தவுடனேயே கலண்டரில் விமானத் திகதியைக் குறிக்காமல், வீட்டால் வெளிக்கிடும் திகதியையும் கிழமையையும் நேரத்தையும் குறியுங்கள். வான்காரரிடமும் அதையே சொல்லுங்கள்: "11ஆம் திகதி வியாழன் மத்தியானம்" என்று, கிழமையோடு. கிழமை சேர்ந்தால் பிழை அந்த இடத்திலேயே பிடிபடும்.

ரிக்கற்றில் இறங்கும் நேரத்துக்குப் பக்கத்தில் சிறிதாக +1 என்று இருந்தால் அடுத்த நாள் இறக்கம், +2 என்றால் அதற்கும் அடுத்த நாள். கனடா போகும்போது இது பெரும்பாலும் வராது, திரும்பும்போது கட்டாயம் வரும்.

ஆறாம் படி: தரைவழி

கிளிநொச்சியிலிருந்து கட்டுநாயக்கா நேர்கோட்டில் 250 கிலோமீற்றர். வீதியில் 300ஐத் தாண்டும். ஏ9இல் மாங்குளம், ஓமந்தை, வவுனியா, மதவாச்சி, பிறகு அனுராதபுரம், புத்தளம், சிலாபம், நீர்கொழும்பு என்று போகும் பாதைதான் விமான நிலையத்துக்குத் தோது; கொழும்பு நெரிசலுக்குள் போகத் தேவையில்லை. வானில் தேநீருக்கும் இயற்கைத் தேவைக்கும் நிற்பதோடு 6 முதல் 7 மணித்தியாலம் வையுங்கள். டுபாய்க்குப் பறப்பதைவிட இது கூட.

முல்லைத்தீவு, புதுக்குடியிருப்புப் பக்கத்தவர்கள் ஏ9ஐத் தொடுவதற்கே ஒரு மணித்தியாலத்துக்கு மேல் சேர்க்க வேண்டும். ஒக்ரோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரை மழைக் கணக்கும் வேண்டும். பெருமழைக்கு வட்டுவாகல் பாலத்துக்கு மேலால் வெள்ளம் பாயும். இரணைமடு வான்கதவு திறந்தால் பரந்தன், முரசுமோட்டைப் பக்கம் வீதியில் தண்ணீர் நிற்கும். அந்த மாதங்களில் விமானம் என்றால் முதல் நாளே வவுனியாவுக்கோ நீர்கொழும்புக்கோ போய்த் தங்குவது நல்லது. ஒரு இரவு லொட்ஜ் காசு, தவறவிட்ட விமானத்துக்கு முன்னால் பெரிதில்லை.

ரயிலை விமானப் பயணத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். கிளிநொச்சியில் ஏறிக் கொழும்புக் கோட்டையில் இறங்கினால் திரும்ப வடக்கே முப்பது கிலோமீற்றர் கட்டுநாயக்காவுக்கு வரவேண்டும். பிந்தினால் பிடித்து ஈடுகட்ட வழியில்லை. தனியே, சின்னப் பொதியோடு, ஒரு நாள் முந்திப் போகிறவருக்கு மட்டும் சரி.

"பலாலி கிட்டத்தானே" என்ற கேள்வி நியாயமானது. யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் 2019 ஒக்ரோபரில் திறக்கப்பட்டது. கிளிநொச்சியிலிருந்து இரண்டு மணித்தியாலத்துக்குள் போய்விடலாம். அங்கிருந்து சென்னைக்கு நேர்கோட்டில் 350 கிலோமீற்றர் சொச்சம், சிறிய விமானத்தில் ஒன்றேகால் மணித்தியாலம். ஆனால் கனடா ரிக்கற்றும் பலாலி ரிக்கற்றும் தனித்தனியாக எடுத்ததென்றால் சென்னையில் இறங்கி, பொதியை எடுத்து, மறுபடி கொடுக்க வேண்டும். அதற்கு இந்திய விசா வேண்டும். சிறிய விமானத்தில் பொதி நிறையும் குறைவு. முதல் விமானம் பிந்தி இரண்டாவது போய்விட்டால் நட்டம் உங்கள் தலையில். சென்னையில் சொந்தக்காரரோடு இரண்டு மூன்று நாள் நின்று போகும் எண்ணம் இருந்தால் அருமையான வழி. அவசரப் பயணத்துக்குக் கட்டுநாயக்காதான்.

ஏழாம் படி: இடைத்தங்கல்

ஒன்றரை மணித்தியாலத்துக்குக் குறைந்த இடைவெளியுள்ள ரிக்கற் மலிவாக இருந்தாலும் வயதானவர்களுக்கு எடுக்காதீர்கள். டுபாயில் ஒரு வாசலிலிருந்து மற்ற வாசலுக்கு நடையும் இடைரயிலும் சோதனையும் உண்டு. இரண்டிலிருந்து நாலு மணித்தியாலம் அளவானது. எட்டு, பத்து என்று போனால் கால் வீங்கும், நித்திரை குழம்பும். வீல்செயார் தேவையென்றால் ரிக்கற் எடுக்கும்போதே பதியச் சொல்லுங்கள். அது வெட்கப்படுகிற விஷயமில்லை. மொழி தெரியாத அம்மாவைக் கைபிடித்து அடுத்த வாசல்வரை கொண்டுபோய் விடும் சேவை அது.

முழுப் பயணமும் ஒரே பதிவு இலக்கத்தில் இருக்கிறதா பாருங்கள். அப்படியென்றால் பொதி நேரே ரொறன்ரோவுக்குப் போகும். முதல் விமானம் பிந்தி அடுத்தது தவறினாலும் மாற்று ஏற்பாடு நிறுவனத்தின் பொறுப்பு. பொதிச்சீட்டில் கடைசி மூன்று எழுத்து வை.வை.இசட் என்று இருக்க வேண்டும், அதுதான் பியர்சனின் குறியீடு. கட்டுநாயக்காவில் சீட்டை ஒட்டும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐரோப்பா வழியாக எடுத்தால் இன்னொரு விஷயம். இலங்கைக் கடவுச்சீட்டுக்காரருக்குச் செங்கன் நாட்டு விமான நிலையத்தில் மாறுவதற்கே இடைவழி விசா கேட்பார்கள். செல்லுபடியாகும் கனடா விசா உள்ளவர்களுக்கு அதில் விலக்கு உண்டு. லண்டனின் விதி வேறு. காசு கட்டுவதற்கு முன்னால் விமான நிறுவனத்திடமே கேளுங்கள்.

எட்டாம் படி: முழுக்கணக்கும் ஒரே தாளில்

மேலே பார்த்த அதே செவ்வாய் விமானம். கட்டுநாயக்காவில் மூன்று மணித்தியாலம் முந்தி, அதாவது 1.00 மணிக்கு நிற்க வேண்டும். வழியில் ரயர் காற்றுப் போவதற்கும் மழைக்கும் என்று ஒரு மணித்தியாலம் கூட்டினால் 12.00. ஏழு மணித்தியால ஓட்டம் என்றால் திங்கள் பின்னேரம் 5.00 மணிக்குக் கிளிநொச்சியில் வான் வெளிக்கிட வேண்டும். ரொறன்ரோவில் இறங்கிக் குடிவரவு, பொதி எல்லாம் முடிய இரண்டு மணித்தியாலம், ஸ்காபறோ வீட்டுக்கு ஒரு மணித்தியாலம். வாசலில் கால் வைக்கும்போது அங்கே செவ்வாய் மாலை 6.30, இங்கே புதன் விடிய 4.00.

திங்கள் பின்னேரம் ஐந்திலிருந்து புதன் விடிய நாலு வரை 35 மணித்தியாலம். அதில் வானத்தில் இருந்தது பதினெட்டே முக்கால். மிச்சம் பதினாறே கால் தரையில். நீரிழிவு, பிரஷர் மருந்து எடுப்பவர்கள் இந்தத் தாளையே கிளினிக்குக்குக் கொண்டுபோய் டொக்டரிடம் காட்டுங்கள். அந்தந்த ஊர் மணிக்கூட்டைப் பார்த்து மருந்து போட்டால் இடைவெளி பிழைக்கும். எத்தனை மணித்தியாலத்துக்கு ஒருக்கா என்று அவர் எழுதித் தருவார். இன்சுலினும் இரண்டு மூன்று நாள் மருந்தும் கைப்பையில்தான் இருக்க வேண்டும். கைக்கடிகாரத்தை வீடு போய்ச் சேரும்வரை இலங்கை நேரத்திலேயே விடச் சொல்லுங்கள். கைப்பேசி தானாக அந்தந்த ஊர் நேரத்துக்கு மாறிவிடும்.

திரும்பி வரும்போது

வெள்ளி இரவு 9.30க்கு ரொறன்ரோவில் ஏற்றம் என்று வையுங்கள். இங்கே சனி காலை 7.00. பன்னிரண்டே முக்கால் மணித்தியாலம் டுபாய்க்கு. இலங்கை நேரம் சனி இரவு 7.45. நாலு மணித்தியாலம் தங்கல். 11.45க்கு ஏறி நாலரை மணித்தியாலத்தில் கட்டுநாயக்கா: ஞாயிறு விடிய 4.15. வெள்ளி ஏறியவர் ஞாயிறு இறங்குகிறார் என்பதால் ரிக்கற்றில் +2 நிற்கும். கூப்பிடப் போகும் வான் சனி இரவு 9.00 மணிக்குக் கிளிநொச்சியில் வெளிக்கிட்டால் போதும். பொதியெடுத்து வெளியே வர ஐந்தேகால் ஆகும். ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டில் அடுப்பைப் பத்து மணிக்குப் பிறகு மூட்டலாம்.